அப்பா விட்டுச்சென்ற டால்பின்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்



அப்பன் சொத்து என்றவுடன் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது என்ன? ராகி விளைகிற மேட்டு நிலம், ஓட்டு வீடு, அம்மாவின் நகை. இவற்றை வைத்துக்கொள்வதா விற்பதா என்று பஞ்சாயத்து பேச நம் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அப்பா ஒரு மிஷினை விட்டுவிட்டுப் போனால்? அதுவும் ஓடாத மிஷினை விட்டுவிட்டுப் போனால்? அப்போதுதான் ஆளுக்கு ஒரு நியாயம் சொல்வார்கள்.

இது என் ஒருவன் பிரச்சினை என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் வீட்டில் தாத்தாவின் புல்லட் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. இன்னொருவன் வீட்டில் பெரியப்பாவின் யெஸ்டி மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. டி.வி.எஸ். 50 இல்லாத வீடு ஓசூர்ப் பக்கம் உண்டா? அது 1980-ல் நம்ம ஊரிலேயே பிறந்த வண்டி ஆயிற்றே! ஆக, 'இந்த வண்டியை என்ன பண்றது?' என்ற கேள்வி இன்றோ நாளையோ உங்கள் வாசலுக்கும் வரும். எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் யோசித்ததை, சண்டை போட்டதை, கணக்குப் போட்டதை உங்கள் முன் வைக்கிறேன். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

டால்பின் என்றால் மீன் அல்ல!

1980களின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். கார் என்றால் அம்பாசடர், விட்டால் பிரீமியர் பத்மினி. வேறு கதி கிடையாது. அந்தச் சமயத்தில் நம் எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில், சிபானி என்றொரு சின்னக் கம்பெனி துணிந்து காரியத்தில் இறங்கியது. முதலில் பாதல் என்ற மூன்று சக்கர வண்டி செய்தார்கள். அடுத்து 1982-ல் டால்பின் என்ற நாலு சக்கரக் காரைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் டாம்வொர்த் என்ற ஊரைச் சேர்ந்த ரிலையன்ட் கம்பெனி கிட்டன் என்று ஒரு கார் செய்துகொண்டிருந்தது. அதைத் தழுவியதுதான் நம் டால்பின்.

இரண்டே கதவு. ஃபைபர் கிளாஸ் பாடி. 848 சி.சி. கொள்ளளவில் நாலு சிலிண்டர் அலுமினிய இன்ஜின். பார்த்தால் சாதுவான டப்பா மாதிரிதான் இருக்கும். ஆனால் தெர்மல் பேப்பரில் படித்ததை இங்கே கொஞ்சம் போட்டுப் பாருங்கள். அம்பாசடர் ஆயிரம் கிலோவுக்கு மேல் கனக்கும். அதன் பழைய பெட்ரோல் இன்ஜின் தருவது சுமார் 50 குதிரைத்திறன். டால்பினின் எடை ஐந்நூறு கிலோவை ஒட்டித்தான். குதிரைத்திறனோ 40-ஐ ஒட்டி வரும். அப்படியானால் ஒரு கிலோவுக்கு எதில் பலம் அதிகம்? அதனால்தான் 80களில் ராலி ஓட்டியவர்களுக்கு இந்த டப்பாவின் மேல் அத்தனை மோகம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் டால்பின் ஓடியது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிவப்பு ஃபெராரி மட்டும்தான் என்று நினைப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நம்ம தேசத்து நடுத்தர வர்க்கத்தின் ஸ்போர்ட்ஸ் கார் இதுதான் என்பது என் கட்சி.

ஆனால் பாவம், நல்ல காலம் நீடிக்கவில்லை. 1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 வந்துவிட்டது. விலை மலிவு, ஜப்பான் தொழில்நுட்பம், நாலு கதவு. டால்பின் எப்படித் தாங்கும்? அதையே மொன்டானா என்று நாலு கதவு வைத்தும் செய்து பார்த்தார்கள். நிற்கவில்லை. கடைசியில் கார் தயாரிப்பே நின்றுபோயிற்று. கம்பெனி கார் செய்வதை நிறுத்தினால் ஸ்பேர் பார்ட்ஸும் நின்றுபோகும். வாங்கியவன் தலையெழுத்து, அவனே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படித் தேடிக்கொண்டவர்களில் ஒருவர்தான் எங்கள் அப்பா. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். 1998-ல் பெங்களூரில் ஒரு டால்பினை செகண்ட் ஹேண்டில் வாங்கி, கர்நாடகத்தில் என்.ஓ.சி. எடுத்து, தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றி, ஜூஜூவாடி செக்போஸ்டைத் தாண்டிக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் வேட்டை. கிடைக்காத பாகத்தை சிட்கோவில் தெரிந்த லேத்தில் உட்கார்ந்து தானே கடைந்துகொள்வார். கடைசி ஆறு வருஷம் வண்டி ஓடவில்லை. அப்பா காலமாகி இப்போது எட்டு மாதம் ஆகிறது. வண்டி நிற்கிறது. கூடவே அவருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனும் நிற்கிறது. இல்லை, கடன் நிற்கவில்லை. அது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது!

வண்டி யாருடையது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நம்மில் பலர் 'அப்பா வண்டி, மூத்த பையன் நான், அதனால் என் வண்டி' என்று நினைக்கிறோம். அப்படி இல்லை சாமி! 1956-ம் வருஷத்து இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், அவரைப் பெற்ற தாய் எல்லோருக்கும் சம பங்கு. எங்கள் வீட்டில் அம்மா, நான், தங்கை, அப்பாவைப் பெற்ற ஆயா என்று நாலு பேர். ஆக, அந்தக் காரில் எனக்குச் சொந்தம் ஒரே ஒரு சக்கரம்தான்.

அடுத்து ஆர்.சி. புக். வண்டி உரிமையாளர் இறந்தால் வாரிசுகள் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். வண்டியைத் தங்கள் பெயருக்கு மாற்ற 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும். கூடவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். இறந்தவர் பெயரில் உள்ள இன்ஷூரன்ஸும் சாதாரணமாக 3 மாதம் வரைதான், அல்லது பாலிசி முடியும் தேதி வரைதான் செல்லும்; எது முந்துகிறதோ அது. இதெல்லாம் தெரியாமல், அப்பா இறந்து வருஷக்கணக்கில் ஆன பிறகும் அவர் பெயரிலேயே இருக்கிற வண்டியில் காலேஜுக்கு வருகிற நண்பர்கள் உண்டு. ஒரு ஆக்சிடென்ட் ஆனால் என்ன கதி என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இந்த ஒரு பத்தியை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நாலு பேரும் பேசி டால்பினை அம்மா பெயருக்கு மாற்றினோம்.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலவு உண்டு. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த மாற்றத்தின்படி, 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் 10,000 ரூபாய். பைக்குக்கு 2,000 ரூபாய். அதற்கு மேல் பசுமை வரி தனி. 'விண்டேஜ் என்று பதிந்துகொள்ளேன்டா' என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். 2021-ல் வந்த விண்டேஜ் விதிப்படி, வண்டி முதலில் பதிவாகி 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். டால்பின் பிறந்ததே 1982-ல்தான். இன்னும் வயசுக்கே வரவில்லை!

வச்சுக்கோ என்கிறவர்கள்

வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்களின் நியாயம் லேசானது அல்ல. 'உங்கப்பன் கைபட்ட வண்டிடா அது' என்பார் சித்தப்பா. இது உணர்ச்சி. 'நாலு வருஷம் போனா விலை எங்கேயோ போயிடும், ஆர்.எக்ஸ். 100 கதை தெரியாதா?' என்பான் நண்பன். இது வியாபாரம். 'மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல லேப் கிடைக்குமா?' என்பார் எங்களுக்குப் பாடம் எடுக்கிற ஒரு சார். இது கல்வி.

விலை ஏறும் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆர்.எக்ஸ். 100-ன் உற்பத்தி 1996-ல் நின்றது. இன்று நல்ல வண்டிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஏன் கேட்கிறார்கள்? ஓட்டின தலைமுறை பெரிது. ஸ்பேர் இன்னும் கிடைக்கிறது. தெருவுக்கு ஒரு மெக்கானிக்குக்கு அது அத்துப்படி. டால்பினுக்கு இந்த மூன்றும் இல்லை. அபூர்வமான பொருள் எல்லாம் விலை ஏறும் என்று விதி கிடையாது. அதைத் தேடுகிற ஆளும் வேண்டும்.

பிரான்ஸில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ரோஜர் பையோன் என்று ஒரு லாரித் தொழில் அதிபர். பழைய கார்களை வாங்கிச் சேர்த்து மியூசியம் வைக்க வேண்டும் என்பது அவர் கனவு. 1970களில் தொழில் நொடித்தது. கார்களில் ஒரு பகுதி விற்றுப்போக, மீதி எல்லாம் பண்ணைக் கொட்டகைகளில் மழையிலும் தூசியிலும் வருஷக்கணக்கில் கிடந்தன. அவர் போய், மகனும் போன பிறகு, பேரப்பிள்ளைகள் கையில் வந்தது அந்தக் குவியல். 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம் விட்டார்கள். பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஒரு ஃபெராரி 250 ஜி.டி. கலிபோர்னியா ஸ்பைடர் மட்டும் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது! நடிகர் அலென் டெலான் ஒரு காலத்தில் வைத்திருந்த கார் அது. 'பார்த்தியா, போட்டு வச்சதால்தானே இந்த விலை?' என்று கேட்கத் தோன்றும். அதே கொட்டகையில் வேறு பல கார்கள் துருப்பிடித்துப் பாடி மட்டும் மிஞ்சிக் கிடந்தனவே, அவற்றையும் பாருங்கள். கொட்டகை எந்தக் காரையும் காப்பாற்றவில்லை. அந்த ஒரு காரைக் காப்பாற்றியது அதன் பெயர்.

வித்துடு என்கிறவர்கள்

விற்கச் சொல்கிறவர்கள் கட்சியில் எங்கள் மாமா முதல் ஆள். 'ஓடாத வண்டியும் பேசாத பொண்டாட்டியும் வீட்டுக்கு ஆகாது' என்பார். (மாமியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்!) அவர் சொல்வதிலும் சாரம் இருக்கிறது. பொருள் நிற்க நிற்கக் கெடும். ஃபைபர் பாடி துருப்பிடிக்காது, சரி. அடியில் இருக்கிற சேசிஸ் இரும்புதானே? அலுமினிய பிளாக்கில் இரும்பு ஸ்டட்; நடுவில் வருஷக்கணக்கில் மாற்றாத தண்ணீர். அரிப்பு எப்படி வேலை செய்யும் என்று மெட்டீரியல்ஸ் பேப்பரில் நாம் எழுதிய பதில்தான் இங்கே நேரில் நடக்கிறது. பிரேக் லைனில் ஈரம், டேங்க்கில் பழைய பெட்ரோலின் பிசின், வயரிங்கில் எலி. ஒரு வருஷம் நிறுத்தினால் ஒரு வருஷம்தான் கெடும் என்று நினைக்காதீர்கள்.

டெல்லி ஹர்பால் சிங் விஷயம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். 1983 டிசம்பர் 14 என்று மேலே சொன்னேனே, அன்று முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கையால் வாங்கியவர் அவர். கடைசி வரை அந்தக் காரை அவர் விற்கவில்லை. 2010-ல் காலமானார். பின்பு அந்தச் சரித்திரக் கார் வீட்டு வாசலில் கேட்பாரற்று நைந்து கிடந்தது. படம் பார்த்து ஊரே வருத்தப்பட்டது. வருத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் அதற்கு ஒரு டயர் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்? கடைசியில் மாருதி கம்பெனியே எடுத்துச் சீர்செய்து தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. நாட்டின் முதல் மாருதிக்கே இந்த நிலை என்றால் நம் வீட்டு வண்டியின் கதியைக் கேட்க வேண்டுமா? அந்தக் குடும்பத்தைக் குறை சொல்லவில்லை. பாசம் இருந்தால் மட்டும் வண்டி ஓடிவிடாது என்றுதான் சொல்கிறேன்.

ராஜாக்களே தடுமாறினார்கள் நண்பர்களே! 1971-ல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அரண்மனை கராஜ்களில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ்களும் டெய்ம்லர்களும் ஒவ்வொன்றாகக் கைமாறின. பல வெளிநாட்டுக்கும் போயின. 1950-க்கு முந்திய கார்களை நினைத்தபடி ஏற்றுமதி செய்ய முடியாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட வேண்டிய நிலை வந்தது. வைத்துக்கொள்ள முடிந்தவர்களும் இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் கார் மியூசியம் வைத்திருக்கிறார்கள். சென்னையில் ஏ.வி.எம். ஸ்டூடியோவில் 2023-ல் திறந்த மியூசியத்திலும் பழைய கார்கள் நிற்கின்றன. போய்ப் பாருங்கள், கண்கொள்ளாக் காட்சி! ஆனால் அவற்றுக்குக் கூரை இருக்கிறது, ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது. நமக்கு?

வட்டிக் கணக்கு

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கைத் திறக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்களில் பல வீடுகளில் இதே நோட்டுப்புத்தகம்தான்.

கடன் 1,20,000 ரூபாய். ரெண்டு வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். மாதம் 2,400. வருஷத்துக்கு 28,800. இதைக் கட்டுவது யார்? அம்மா. ஒரு கார்மென்ட் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து சம்பாதிக்கிற பணத்தில் கட்டுகிறார்.

வண்டியை ஓடவைக்க என்ன ஆகும்? நானும் நண்பர்களும் இறக்கிப் பார்த்து எழுதின லிஸ்ட் இது: ரேடியேட்டர், ஹெட் கேஸ்கெட், பிரேக் சிலிண்டர்கள், நாலு டயர், வயரிங், சேசிஸில் இரண்டு இடத்தில் வெல்டிங். நம்ம ஊரில் செய்ய முடியாதது எதுவும் கிடையாது. பேட்டர்ன் போட ஆள் இருக்கிறார்கள், காஸ்டிங்குக்கு ஃபவுண்டரி இருக்கிறது, சி.என்.சி. இருக்கிறது. ஓசூரின் பெருமையே அதுதானே! ஆனால் ஒரே ஒரு பீஸ் செய்வதற்கும் பேட்டர்ன் செலவு முழுசாக ஆகும். நம் உழைப்பைக் கழித்தும் கூட்டினால் 60,000-க்கு மேல் வந்தது. அதையும் ரெண்டு வட்டிக்குத்தான் வாங்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. 'அப்பா ஞாபகம், அதனால வச்சுக்கலாம்' என்று நான் சொல்கிறேன். ஆனால் அந்த ஞாபகத்துக்கு மாதம் 2,400 கட்டுவது நான் இல்லை! பாசம் என்னுடையது, பில் அம்மாவுடையது. இது எந்த ஊர் நியாயம்?

அம்மாவிடம் கேட்டபோது ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: 'அந்த வண்டிய வித்துட்டா உங்கப்பா போயிருவாராடா? வட்டிக்காரர் போன் வந்தாத்தான் எனக்கு உசிரு போயி உசிரு வருது.'

என் கருத்து இதுதான் நண்பர்களே. ஒரு பொருளின் மேல் நமக்கு இருக்கிற பாசத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பாசம் வைத்தவனே கொடுக்க வேண்டும். உங்கள் சொந்தச் சம்பளத்தில், உங்கள் சொந்த ஞாயிற்றுக்கிழமையில் அந்த வண்டியைக் காப்பாற்ற முடியுமானால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் என்ன சொன்னாலும் விற்காதீர்கள். முடியாது என்றால், ஓட்டக்கூடியவன் கையில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் உள்ள இன்னொருவர் வயிற்றைக் கட்டி நம் பாசத்தைக் காப்பாற்றுவதற்குப் பெயர் பாசம் அல்ல.

இரண்டு பேர் வந்தார்கள்

விற்பது என்று முடிவான பின்னும் விஷயம் முடியவில்லை. இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். ஒருவர் ஹைவேயில் ஓட்டல் வைத்திருப்பவர். வாசலில் மேடை கட்டி, காரை நிறுத்தி, லைட் போட்டு, வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ள வைக்கப் போகிறாராம். 1,85,000 தருகிறேன் என்றார். இன்ஜினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுவார். இன்னொருவர் பெங்களூர்க்காரர். பழைய கார் பைத்தியம். ஏற்கெனவே ஒரு டால்பினை ஓட்டுகிறார். இதையும் சீர்செய்து ஓட்டப் போகிறார். ஆனால் 1,60,000-க்கு மேல் ஒரு பைசா ஏறமாட்டேன் என்றார்.

நான் பெங்களூர்க்காரர் பக்கம். ஓடுவதற்காகப் பிறந்த வண்டி ஓட வேண்டும் என்பது என் கட்சி. தங்கை ஓட்டல்காரர் பக்கம். 'இருபத்தஞ்சாயிரம் உனக்கு விளையாட்டா? என் காலேஜ் ஃபீஸ் யார் கட்டுறது?' என்று கேட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? அவளுக்கும் ஒரு சக்கரம் சொந்தம்தானே! ஆயா மட்டும் 'ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதீங்க, என் சக்கரத்தைக் கழட்டி எடுத்துக்கோங்க' என்று சிரித்தார்.

மறுபடியும் நோட்டைத் திறந்தேன். கடன் போக, ஓட்டல்காரர் கொடுத்தால் மிச்சம் 65,000. நாலு பங்கில் ஆளுக்கு 16,250. பெங்களூர்க்காரர் கொடுத்தால் மிச்சம் 40,000. ஆளுக்கு 10,000. நான் சொன்ன நியாயத்தை எனக்கே பொருத்திப் பார்த்தேன். வண்டி ஓட வேண்டும் என்பது யாருடைய ஆசை? என்னுடையது. அப்படியானால் விலை கொடுக்க வேண்டியதும் நான்தானே? என் பங்குப் பத்தாயிரத்தைத் தங்கைக்கே எழுதிவிட்டேன். அவளுக்கு 20,000 ஆயிற்று. ஓட்டல்காரர் கணக்கைவிட 3,750 அதிகம். அம்மாவும் ஆயாவும் தங்கள் பங்கில் குறைவதைச் சம்மதித்தே விட்டுக்கொடுத்தார்கள். வண்டி பெங்களூருக்குப் போவது என்று முடிவாயிற்று.

விற்கும்போதும் ஒரு எச்சரிக்கை. நம் எல்லைப் பகுதியில் வண்டி மாநிலம் தாண்டுவது சகஜம். என்.ஓ.சி. வாங்கி, விற்பனைப் படிவங்கள் 29, 30-ஐ நிரப்பி, ஆர்.சி. கைமாறும் வரை விடாமல் துரத்துங்கள். வண்டியைக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தால் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வைத்துக்கொண்டது என்ன?

எல்லாவற்றையும் விற்றுவிட்டேனா? இல்லை. வண்டியை ஒப்படைக்க இரண்டு மாதம் அவகாசம் கேட்டோம். வகுப்பு நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். சனி, ஞாயிறுகளில் வெர்னியர், மைக்ரோமீட்டர், ரேடியஸ் கேஜ் சகிதம் உட்கார்ந்து, கடையில் கிடைக்காத பாகங்களை ஒவ்வொன்றாக அளந்து டிராயிங் போடுகிறோம். வாட்டர் பம்ப் பாடி, இன்ஜின் மவுண்ட், சஸ்பென்ஷன் ஆர்ம், கதவுக் கீல் என்று இதுவரை 31 ஷீட் முடிந்திருக்கிறது. அப்பா தானே கடைந்து போட்ட ஒரு புஷ் கிடைத்தது. அளந்து பார்த்தோம். இருபது வருஷத்துக்கு மேல் ஓடியும் தேய்மானம் மிகச் சொற்பம். அந்த லேத் வேலையைப் பார்த்து வியந்து நின்றான் எங்கள் கூட்டத்தில் 'மிஷின் ஷாப் போர்' என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவன். டிராயிங்கில் ஒரு செட் பெங்களூர்க்காரருக்கு. ஒரு செட் எங்கள் வீட்டுக்கு. ஒரு செட் நம் டிபார்ட்மென்ட் நூலகத்துக்கு. இனி எந்த ஊரில் யாரிடம் டால்பின் இருந்தாலும் இதை வைத்துப் பாகம் செய்துகொள்ளலாம்.

'எல்லாம் எலெக்ட்ரிக் ஆகுற காலத்துல இது எதுக்குடா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏதர் என்று நம் மாவட்டமே பேட்டரி வண்டி மாவட்டமாக மாறிக்கொண்டு வருகிறது. நாளைக்கு நாம் வேலைக்குப் போகிற இடத்தில் கார்புரேட்டர் இருக்காது. ஆனால் ஒரு பாகம் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது, எங்கே தேயும், எங்கே உடையும் என்று அளந்து அறிகிற பழக்கம் மோட்டார் மாறினாலும் மாறாது. பிளாக்கின் அரிப்பைக் கண்ணால் பார்த்தவனுக்கு பேட்டரி கூலிங் பிளேட்டின் அரிப்பைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம்.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு வண்டி நின்றால் மூன்று கேள்வி கேளுங்கள். சட்டப்படி இது யார் யாருக்குச் சொந்தம்? இதை வைத்துக்கொள்ளும் செலவு யார் தலையில் விழுகிறது? என்னால் முடியாவிட்டால் ஓட்டக்கூடியவர் யார்? மூன்றுக்கும் நேர்மையான பதில் கிடைத்தால் வைத்துக்கொண்டாலும் சரி, விற்றாலும் சரி. பதில் தேடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அதற்குள் எலி முடிவு செய்துவிடும்.

பின்குறிப்பு: இன்னும் 12 ஷீட் பாக்கி இருக்கிறது. சனிக்கிழமை வருகிறவர்கள் சொந்த வெர்னியரோடு வரவும். டீ எங்கள் ஆயா பொறுப்பு.